இரண்டு பேர் உட்காரும் பெஞ்சு

தாழைவிளை நடுநிலைப் பள்ளிக்கூடத்தில், ஏழாம் வகுப்பில், இரண்டாவது வரிசையில் கிடந்த பெஞ்சு ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு சாண் நீண்டிருந்தது. வேப்பம்பலகையில் செய்த, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்னப் பெஞ்சு அது. சுவரோர முனையில் பெனிட்டாவும் வாசலோர முனையில் இசக்கிராணியும் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்து, ஏழாம் வகுப்புக்குப் போகும்போது வேறு பெஞ்சு வேண்டாம் என்று அடம்பிடித்து, ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு வந்திருந்தார்கள். நீண்டதை முதலில் பார்த்தவள் லில்லிபுஷ்பம் டீச்சர். கையை விரித்து அளந்தாள், மரம் வெயிலுக்கு என்னமும் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், வருகைப் பதிவேட்டைத் திறந்தாள். செவ்வாய்க்கிழமை அது மூன்று சாண் நீண்டது. புதன்கிழமை இசக்கிராணி வாசல்படியில் இருந்தாள். வியாழக்கிழமை அவள் வராந்தாவில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள்.

லில்லி டீச்சரைப் பற்றி ஊரில் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வார்கள், யாரோடும் சண்டை சச்சரவு இல்லாத மனுஷி என்று. நாற்பத்தாறு வயதில், இருபத்திரண்டு வருஷ வேலையில், அவள் குரல் உயர்ந்து கேட்டவர் கிடையாது. இடமாறுதல் கலந்தாய்வில் டவுன் பள்ளிக்கூடம் கையில் கிடைத்த நேரத்தில் பக்கத்தில் நின்ற ஒருத்தி கண்ணைக் கசக்கினாள் என்று அதை விட்டுக்கொடுத்துவிட்டுத் தாழைவிளைக்கு வந்தவள் அவள். கல்யாணத்துக்கு வந்த ஒரே நல்ல இடத்தைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்தவள். அம்மா இறந்த முப்பதாம் நாள், அம்மாவின் தையல் மெஷினைத் தங்கை ரோஸ்புஷ்பம் கேட்டபோது, சிறுவயதில் அதன் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்த லில்லி, "நீயே வச்சுக்கோ, எனக்கெதுக்கு" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் பத்தொன்பது வருஷமாகத் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கோபம் என்று யாரும் சொல்ல முடியாது. கிறிஸ்துமஸுக்கு இருவரும் போனில் பூப்படம் அனுப்பிக்கொள்வார்கள்.

கோயில் தெருவில் அவள் இருந்த வாடகை வீட்டில், அப்பாவுடைய பழைய பலகைப் பெஞ்சு ஒன்று கிடந்தது. அதுவும் இரண்டு பேர் உட்காருவதுதான். ஒரு முனையில் அவள் இருந்து சாப்பிடுவாள், மறுமுனையில் பழைய பேப்பர்க் கட்டு இருக்கும். சண்டை போட்டவர்கள் வீட்டுக்காவது சமாதானம் பேச ஆள் வரும். லில்லி டீச்சர் வீட்டுக்கு அந்தக் காரணத்துக்காகக்கூட யாரும் வந்ததில்லை.

அதனால்தான், மாணவர்களுக்கு அமைதி வழியில் பிணக்குத் தீர்க்கக் கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியரைப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தபோது, தலைமை ஆசிரியர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "நம்ம லில்லி டீச்சர விட்டா யாரு?" என்றார். மூன்று நாள் பயிற்சி முடிந்து, நீல அட்டை போட்ட புத்தகம் ஒன்றோடு அவள் திரும்பி வந்தாள். அதில் ஐந்து படிகள் இருந்தன. ஒன்று, மூச்சை ஆழ இழுத்து விட வேண்டும். இரண்டு, பிள்ளைகளைத் தனித்தனியே உட்கார வைக்க வேண்டும். மூன்று, இரண்டு பேர் சொல்வதையும் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்க வேண்டும். நான்கு, மன்னிப்பு. ஐந்து, கைகுலுக்கல். கைகுலுக்கும் படத்தை அன்றைக்கே மாலை நான்கு மணிக்குள் செயலியில் ஏற்றிவிட வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

பெஞ்சு நீள்வதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, அறிவியல் கண்காட்சியில், தீப்பெட்டிகளை அட்டையில் வரிசையாக ஒட்டி நாற்பது வகை விதைகளைப் போட்ட பலகை ஒன்று நடுநாயகமாக இருந்தது. கீழே 'பெனிட்டா, ஏழாம் வகுப்பு' என்று சீட்டு. பார்த்தவர்கள் எல்லாரும் பெனிட்டாவைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது இசக்கிராணி ஒரு வார்த்தை பேசாமல் வந்து அந்தச் சீட்டைக் கிழித்தாள். பெனிட்டா அவள் சடையைப் பிடித்தாள். மணி மூன்று நாற்பது. லில்லி டீச்சர் மூச்சை ஆழ இழுத்து விட்டாள், இரண்டு பேரையும் பிரித்து உட்கார வைத்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், மூன்றாம் படியைத் தாண்டி நான்காம் படியில் கால் வைத்தாள். பெனிட்டா அழுதுகொண்டிருந்தாள், அழுகிற பிள்ளையிடம் மன்னிப்பு வாங்குவது நேரமெடுக்கும். அழாமல் நின்றவள் இசக்கிராணி.

"நீ நல்ல பிள்ளைல்லா, இசக்கி. நீ மொதல்ல மன்னிப்பு கேட்டுரு" என்றாள் டீச்சர்.

இசக்கிராணி கேட்டாள். கை குலுக்கினாள். படத்தில் சிரிக்கக்கூடச் சிரித்தாள். மூன்று ஐம்பத்தாறுக்குப் படம் ஏறிவிட்டது, மாவட்டத்திலேயே முதல் படம் என்று பாராட்டுச் சான்றிதழ் வந்தது, தலைமை ஆசிரியர் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார். திங்கட்கிழமை பெஞ்சு ஒரு சாண் நீண்டது.

முதல் வாரம் ஊர் வந்து வேடிக்கை பார்த்தது, இரண்டாவது வாரம் தச்சர் வந்து அறுத்தார். அறுத்த துண்டு அறுத்த இடத்திலேயே கிடக்க, பெஞ்சு மறுநாள் இன்னும் நான்கு முழம் போயிருந்தது. பிள்ளைகளை வேறு பெஞ்சுக்கு மாற்றினார்கள், அந்தப் பெஞ்சும் நீளத் தொடங்கியது, இரண்டு நீளப் பெஞ்சுக்கு ஒரு நீளப் பெஞ்சே மேல் என்று பழையபடி உட்கார வைத்துவிட்டார்கள். பெஞ்சு வராந்தாவைத் தாண்டி, கொடிக்கம்பத்தைச் சுற்றாமல் நேராகப் போய், கைப்பம்பைத் தாண்டி, மதில் சுவரில் தனக்கு வேண்டிய அளவுக்கு ஓட்டை போட்டுக்கொண்டு, வாழைத் தோட்டத்துக்குள் நுழைந்து, செம்மணல் மேடான தேரியின் ஓரமாக ஏறி இறங்கி, நான்கு முழத்துக்கு ஒரு கால் தானாக முளைக்க, ஆடி மாசக் கடைசியில் முக்கால் கிலோமீட்டர் தள்ளியிருந்த பஸ் ரோட்டில் போய் நின்றது. அதன் முனையில், சீருடையோடும் புத்தகப் பையோடும், ஒரு நாள்கூட லீவு போடாமல், இசக்கிராணி இருந்தாள்.

அவளுக்கு அங்கே குடை கட்டிக்கொடுத்தார்கள். காலையில் லில்லி டீச்சர் வகுப்பில் பெயர் கூப்பிட, பெஞ்சு நெடுக உட்கார்ந்திருந்த ஊர்ச்சனம் அதை வாய் மாற்றி வாய் கொண்டுபோக, 'உள்ளேன் டீச்சர்' என்கிற பதில் அதே வழியாகத் திரும்பி வர ஒன்பது நிமிஷம் ஆனது. வீட்டுப்பாட நோட்டு கைமாறிக் கைமாறிப் போனது, சத்துணவுத் தட்டு கைமாறிக் கைமாறிப் போனது, முட்டை ஒரு நாளும் வழியில் காணாமல் போகவில்லை என்பதில் ஊருக்குப் பெருமை.

ஆமாம், ஊர் அந்தப் பெஞ்சில் உட்காரப் பழகியிருந்தது. இத்தனை நாளாக எங்கே உட்காருவது என்றே தெரியாமல் நின்றுகொண்டிருந்த ஊர் போல அது உட்கார்ந்தது. பெண்கள் மிளகாய் வற்றலும் சாளைக் கருவாடும் காயப்போட்டார்கள். முடியாதவர்கள் பத்தடி நடந்து பத்து நிமிஷம் உட்கார்ந்து பஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கல்யாணப் பந்தி ஒரே வரிசையில் நடந்தது, பரிமாறப்போன ஆட்கள் சைக்கிளில் போனார்கள். நிற்காமல் போய்க்கொண்டிருந்த பஸ், பெஞ்சைப் பார்த்து நிற்கத் தொடங்கியது, கண்டக்டர் "பெஞ்சு எறங்கு" என்று கூவினார். பெனிட்டாவின் அப்பா அருள்தாஸ் பெஞ்சுக்குச் சரிபாதியில் டீக்கடை போட்டார். ஆய்வுக்கு வந்த அதிகாரி பொருள்களின் பதிவேட்டில் 'பெஞ்சு ஒன்று, நீளமானது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அதிலேயே இருந்து டீ குடித்துவிட்டுப் போனார்.

பிள்ளைகள் சமாதானமாகிவிடுவார்களோ என்கிற பயம் ஊருக்கு எப்போது வந்தது என்று சொல்ல முடியாது. ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் ஒரே கடையில் எதிர்ப்பட்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள் என்று கேள்விப்பட்டவுடன், பெரிய மனுஷர்கள் முகம் வாடிப்போனது. அதற்கப்புறம் இசக்கிராணிக்கு யாராவது முறுக்கு வாங்கிக் கொடுத்தால், "அவகிட்ட மட்டும் பேசிராத தாயி, ஒனக்குப் புண்ணியமாப் போவும்" என்று சேர்த்துச் சொன்னார்கள். பெனிட்டாவுக்கும் அதேதான்.

லில்லி டீச்சர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஊரே சந்தோஷமாக இருக்கும்போது நாம் எதற்குக் கெடுக்க வேண்டும் என்று வழக்கம்போல் விட்டுக்கொடுத்தாள். ஆனால் 'உள்ளேன் டீச்சர்' வந்து சேரும்வரை காத்திருக்கிற அந்த ஒன்பது நிமிஷத்தில் அவள் அடுத்த பெயரைக் கூப்பிடாமல் வாசலையே பார்த்திருந்தாள். பதில் தினமும் வேறு வேறு வாயால் வந்தது. அந்தப் பிள்ளையின் குரல் எப்படி இருக்கும் என்பதே தனக்கு மறந்துபோய்விட்டது என்று ஒரு வெள்ளிக்கிழமை காலை தெரிந்தபோது, பதிவேட்டை மூடிவிட்டு, நீலப் புத்தகத்தை மேசையில் போட்டுவிட்டு, பெஞ்சையொட்டியே நடக்கத் தொடங்கினாள்.

இசக்கிராணி குடைக்குக் கீழே புவியியல் படித்துக்கொண்டிருந்தாள். முன்னைவிடக் கறுத்திருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"இரு, இரு." டீச்சர் மணலில் உட்கார்ந்தாள். "இசக்கி, அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

பிள்ளை ரோட்டைப் பார்த்தது. இரண்டு லாரியும் ஒரு பஸ்ஸும் போயின.

"நீங்க இத அன்னைக்குக் கேக்கவே இல்லியே டீச்சர்."

"கேக்கல. தப்புதான். இப்பக் கேக்கேன்."

"வெத எல்லாம் நான் பொறக்குனது. முழுப்பரீட்சை லீவு பூரா தேரிக்காட்டுல அலைஞ்சேன். ஒட்டுறதுக்கு அவ வீட்டுலதான் எடம் இருந்துச்சு. ரெண்டு பேரு பேரும் போடணும்னுதான் பேச்சு. அவ பேர மட்டும் போட்டுட்டா." குரல் இன்னும் கீழே போய், "என் பேரையும் எழுதுனாப் போதும், நான் வந்துருதேன்னு இங்க வந்த மொத வாரமே சொல்லியனுப்புனேன் டீச்சர். ஒவ்வொருத்தர் வாயா போயிருக்கும். அவ பதிலே சொல்லல."

"யார்ட்ட சொல்லியனுப்புன?"

இசக்கிராணி பெஞ்சைக் காட்டினாள். அதில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் மிளகாயைப் பார்த்தார்கள், பாதிப் பேர் வானத்தைப் பார்த்தார்கள்.

டீச்சர் திரும்பி நடந்தாள். டீக்கடைப் பக்கம் வரும்போது அருள்தாஸ் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "என்ன டீச்சர், வெயில்ல" என்றார்.

"அந்தப் பிள்ளை சொல்லியனுப்புனது இங்கதான நின்னுது?"

அருள்தாஸ் மறைக்கவில்லை. "ரெண்டு பக்கமிருந்தும் வந்துச்சு டீச்சர். எம் மவளும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டா. ரெண்டையும் நாங்க கைமாத்தல. ஊருக்கு ஒரு நல்லது நடக்கும்போது…" அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "ஒங்களுக்கு ஊரு நல்லா இருக்கது பிடிக்கலியா?"

லில்லி டீச்சருக்கு நாக்கு நுனியில் 'அப்படியெல்லாம் இல்ல அண்ணாச்சி' என்பது வந்து நின்றது. நாற்பத்தாறு வருஷமாக அதைத்தான் சொல்லிப் பழக்கம். அதை விழுங்கினாள்.

"பிடிக்கல. அந்தப் பிள்ளை வெயில்ல இருந்தாத்தான் நல்லா இருக்கும்னா எனக்கு இந்த ஊரு பிடிக்கல. வழிய விடுங்க" என்றாள். வாழைத் தோட்டம் வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி சொன்னாள், அன்றைக்கு இசக்கிராணி கேட்ட மன்னிப்பு தப்பு, கேட்க வைத்தது நான், அந்தப் படமும் பொய், சுவரில் தொங்குகிற சான்றிதழும் பொய். பிறகு பெனிட்டாவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"இப்ப நீ சொல்லு. முழுசாச் சொல்லு."

"நான் சொன்னா அவ கேக்க மாட்டா."

"நான் கொண்டுபோறேன். ஒரு எழுத்துக் கொறையாமக் கொண்டுபோறேன்."

பெனிட்டா முதலில் சொன்னது, "அவ பெரிய இவளா? ஒரு வெத பேராவது அவளுக்குத் தெரியுமா, பேரு எழுதுனது பூரா நான்." இதைத் தூக்கிக்கொண்டு லில்லி டீச்சர் முக்கால் கிலோமீட்டர் நடந்தாள். வாழ்நாளெல்லாம் ஒருவர் சொன்ன கடுஞ்சொல்லை இன்னொருவரிடம் சொல்லாமல் முழுங்கி, அதற்குப் பதில் இனிப்பாக ஒன்றைச் சொல்லிப் பழகியவள், ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேரே நின்று, "பெரிய இவளான்னு கேட்டா" என்று சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இசக்கிராணிக்கோ முகத்தில் ரத்தம் ஏறியது. "பேரு சொல்லிக் குடுத்தது யாருன்னு கேளுங்க. எங்கம்மாகிட்ட கேட்டுக் கேட்டு நான்தான் சொன்னேன். புளுவுணின்னு சொல்லுங்க." டீச்சர் திரும்பியபோது பெஞ்சு சுருங்கி, இசக்கிராணி இருந்த முனை வாழைத் தோட்டத்து ஓரம் வந்திருந்தது. பஸ் ரோட்டில் கருவாட்டைக் காயப்போட்டிருந்தவர்கள் அது தங்களைத் தாண்டிப் போவதைப் பார்த்து எழுந்து நின்றார்கள்.

இரண்டாவது நடையில் 'புளுவுணி' போனது, 'கஞ்சப் பிசினாரி' வந்தது. மூன்றாவது நடையில் ஆறாம் வகுப்பில் உடைந்த ஸ்கேலும், பிறந்தநாளுக்குக் கூப்பிடாததும் வந்தன. நான்காவது நடையில், மதில் ஓட்டைக்குப் பக்கத்தில், "எங்கப்பா எல்லார்கிட்டயும் எம்மவ செஞ்சதுன்னு சொல்லிட்டாரு, அதுக்கப்புறம் எப்படி அவ பேர எழுத" என்று பெனிட்டா சொன்னதை டீச்சர் ஒரு எழுத்துக் குறையாமல் கொடுத்தாள். இசக்கிராணி திரும்பிப் பார்த்தாள். பின்னாலேயே வந்துகொண்டிருந்த கூட்டத்தில் அருள்தாஸும் நின்றார், அவர் தலை குனிந்திருந்தது. ஐந்தாவது நடை வராந்தா வரைக்கும்தான். ஆறாவது நடைக்கு டீச்சர் எழுந்தபோது அவளுக்கு வேலையே இல்லை. இரண்டு பேரும் நேருக்கு நேர் கத்திக்கொண்டிருந்தார்கள், பக்கத்து வகுப்பெல்லாம் வந்து எட்டிப் பார்த்தது, பெஞ்சு வாசல்படியைக் கடந்து உள்ளே வந்தது.

மணி நான்கு அடித்தபோது இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியிருந்தது. கைகுலுக்கவில்லை. படம் எடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பை வைக்கும் அளவுக்கு இடம் இருந்தது, அதில் பெனிட்டா தன் தண்ணீர்ப் பாட்டிலை வைத்தாள், கொஞ்ச நேரம் கழித்து இசக்கிராணி அதை எடுத்துக் குடித்தாள். வெளியே ஊர் முழுக்க நின்றுகொண்டிருந்தது. எங்கே உட்காருவது என்று அதற்குத் தெரியவில்லை.

லில்லி டீச்சர் வீட்டுக்குப் போனாள். கால் வீங்கியிருந்தது. அப்பாவின் பெஞ்சில் தன் முனையில் உட்கார்ந்தாள். மறுமுனையில் பேப்பர்க் கட்டு. இந்தப் பலகை இத்தனை வருஷத்தில் ஒரு விரற்கடைகூட நீளவில்லையே என்று அன்றைக்குத்தான் நினைத்தாள். நீள்வதற்கு மறுமுனையில் ஓர் ஆள் வேண்டும். சண்டை இல்லாத மனுஷி என்று ஊர் சொன்னது இதைத்தானா என்று நினைத்தபோது அழுகை பொத்துக்கொண்டு வந்தது, அழுதாள், கேட்க ஆளில்லாத வீட்டில் சத்தமாகவே அழுதாள். பிறகு முகம் கழுவிவிட்டுப் போனை எடுத்தாள்.

"அக்கா?" என்றாள் ரோஸ்புஷ்பம். "என்னக்கா, யாருக்கும் ஒடம்பு சரியில்லையா?"

"ரோஸி, அம்மா தையல் மெஷின் எனக்கு வேணும். அன்னைக்கு நான் மனசில்லாமத்தான் குடுத்தேன். நீ கேட்டதே தப்பு. ஒனக்குத் தைக்கவே தெரியாது."

லில்லி டீச்சர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பத்தொம்போது வருஷம்!" என்று ரோஸ்புஷ்பம் வெடித்தாள். "பத்தொம்போது வருஷமா இத வயித்துல வச்சுக்கிட்டா அக்கா பூப்படம் அனுப்புன? நீ ஏன் வரமாட்டேங்கன்னு நான் எத்தன நாள் மண்டைய ஒடச்சிருப்பேன் தெரியுமா? தரமாட்டேன் போ. தைரியமிருந்தா வந்து எடுத்துட்டுப் போ, பாப்போம்!" போன் கட்டாகிவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. விடிந்து, வெயில் சன்னல் வழியாகத் தரையில் விழுந்திருந்தது. காப்பித் தம்ளரோடு வந்த லில்லி டீச்சர் உட்காரப் போனவள் அப்படியே நின்றாள். தம்ளரைக் கீழே வைத்தாள். கையை விரித்து, முனையிலிருந்து முனைவரை பெஞ்சை அளந்தாள். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தாள்.

ஒரு சாண் நீண்டிருந்தது.

அவள் மறுமுனையில் கிடந்த பேப்பர்க் கட்டை எடுத்துத் தரையில் வைத்து, அந்த இடத்தை முந்தானையால் துடைத்தாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, தங்கை வீட்டுக்குப் போக, இடையில் உட்காரப் பெஞ்சு இல்லாமல் பழையபடி முக்கால் கிலோமீட்டர் தூரமாகிவிட்ட பஸ் ரோட்டுக்கு, வீங்கிய காலோடு, வேகமாக நடந்தாள்.